குறைந்த செலவில் வீட்டு ஹார்ன் ஒலிபெருக்கி

சாதாரண ஒலிபெருக்கிக்குள் போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது நூற்றில் ஒரு பங்குதான். பல சமயம் அதுவும் இல்லை. மீதி முழுவதும் காயிலில் வெப்பமாகிப் போகிறது. காகிதக் கூம்பு கனமானது, காற்று மிக இலேசானது. கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது எதிரே இருக்கும் காற்று எதிர்த்து நிற்காமல் விலகிக்கொள்கிறது. ஹார்ன் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் விரிகுழாய். அதன் குறுகிய தொண்டையில் காற்று சிக்கி நிற்பதால், அதிரும் தகட்டுக்குத் தள்ளுவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. தொண்டையில் பிறக்கும் மிகுந்த அழுத்தம் குழாய் விரிய விரியக் குறைந்துகொண்டே போய், அகன்ற வாயில் பெரும்பரப்புக் காற்றை அசைக்கிறது. கையைக் குவித்து வாயருகே வைத்துக் கூப்பிடுவதிலும், நாகஸ்வரத்தின் அடியில் விரியும் அனசிலும் நடப்பது இதேதான். நன்றாக வடிவமைத்த ஹார்னில் மின்சாரத்தின் 10 முதல் 30 சதவீதம் வரை ஒலியாகிறது.

இதன் பலன் வாட் கணக்கில் தெளிவாகத் தெரியும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால், வீட்டில் வைக்கும் சிறிய பெட்டி ஒலிபெருக்கி ஏறக்குறைய 87 டெசிபல் தரும். ஹார்ன் அமைப்பு 100 டெசிபலையோ அதற்கு மேலோ தரும். அந்த 100 டெசிபலை எட்டப் பெட்டி ஒலிபெருக்கிக்கு 20 வாட் வேண்டும். ஹார்னுக்கு ஒரு வாட் போதும். வாய்ப்பாட்டுக்கும் நடுவில் திடீரென்று எழும் மிருதங்க முழக்கத்துக்கும் இடையிலுள்ள ஏற்ற இறக்கம் நசுங்காமல் வருவதற்கு இதுவே காரணம். தகடு மிகக் குறைவாகவே அசைகிறது. அசைவு குறைந்தால் ஒலிச்சிதைவும் குறைகிறது. சில வாட் வால்வ் ஆம்ப்ளிஃபயர்கள் மட்டுமே கிடைத்த காலத்தில் திரையரங்குகளை நிரப்பியவை ஹார்ன்களே. ஹார்னின் கணிதத்தை ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919இல் வெளியிட்டார். ஆல்டெக் லான்சிங் நிறுவனத்தின் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசை 1945இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் தம் நிறுவனத்தைத் தொடங்கி, வீட்டு மூலையில் வைக்கும் 'கிளிப்ஷ்ஹார்ன்' ஒலிபெருக்கியை விற்றார்.

தமிழ்நாட்டில் ஹார்ன் என்றதும் நினைவுக்கு வருவது கோவில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர். ஹார்ன் என்றாலே காதைக் கிழிக்கும் என்ற எண்ணமும் அதிலிருந்து வந்ததுதான். அந்தக் குழாய், பேச்சு வெகுதூரம் எட்ட வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. அடி ஒலியும் உச்ச ஒலியும் அதில் இல்லை. மெல்லிய உலோகம் தானும் சேர்ந்து ஒலிக்கிறது. போதாக்குறைக்கு ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முறுக்கி வைக்கிறார்கள். இந்தக் குறைகளை ஹார்ன் என்ற தத்துவத்தின் மேல் ஏற்றுவது நியாயமல்ல.

வீட்டில் ஹார்ன் செய்ய முனைபவர் முதலில் சந்திப்பது அளவுப் பிரச்சினை. திறந்த வெளியில் ஒரு ஹார்ன் எந்த அதிர்வெண் வரை இறங்க வேண்டுமோ, அதன் அலைநீளத்துக்கு ஈடாக வாயின் சுற்றளவு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட 6.9 மீட்டர். அதற்கான வாயின் விட்டம் 2.2 மீட்டர், அந்த வாய் வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது. தரையில் வைத்தால் வாயின் பரப்பு பாதியாகலாம், சுவரை ஒட்டித் தரையில் வைத்தால் கால் பங்காகலாம், இரு சுவர்கள் சேரும் மூலையில் எட்டில் ஒரு பங்கு போதும். சுவர்களே ஹார்னின் தொடர்ச்சியாகிவிடுகின்றன. கிளிப்ஷ் மூலையைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். அப்போதும் அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வாயும், தொண்டை 300 சதுர செ.மீ. என்றால் ஒன்றரை மீட்டர் நீளமும் தேவை. அந்த நீளத்தைப் பெட்டிக்குள் மடக்கி மடக்கி அடைப்பது நல்ல தச்சருக்கே சவாலான வேலை.

500 ஹெர்ட்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் வாயின் விட்டம் 22 செ.மீ. மட்டுமே. குறைந்த செலவில் செய்பவருக்கு வழி இங்கேதான் திறக்கிறது: அடி ஒலியைப் பெரிய வூஃபர் கொண்ட சாதாரணப் பெட்டியிடம் விட்டுவிட்டு, குரலின் மேற்பகுதியும் அதற்கு மேலே உள்ள ஒலிகளும் மட்டும் ஹார்ன் வழியாக வரச் செய்வது. இதைச் சமரசம் என்று குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஜேபிஎல் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகக் கொண்டுவந்த 4430 மாதிரியும் இப்படி அமைந்ததே: 15 அங்குல வூஃபர் ஒன்று, ஹார்ன் ஒன்று, 1,000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டுக்கும் இடையே பங்கீடு. ஹார்னின் அருமை மிகுதியாக வெளிப்படும் இடமும் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் ஒன்றே. முழு ஹார்ன் அமைப்பைக் கனவு காண்பவர்கூட முதலில் இதைச் செய்துவிட்டு, அடி ஒலிக்கான பாஸ் ஹார்னைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஹார்னின் பின்னால் பொருத்துவது கம்ப்ரஷன் டிரைவர். அதன் தகடு தொண்டையைவிடப் பெரியது; 44 மி.மீ. தகட்டின் காற்று 25 மி.மீ. துளை வழியாக நெருக்கி வெளியேற்றப்படுகிறது. தகட்டின் ஓரத்து ஒலியும் நடு ஒலியும் ஒரே நேரத்தில் துளைக்கு வந்து சேர, இடையே பிளவுகள் கொண்ட ஒரு 'ஃபேஸ் பிளக்' இருக்கும். ஒரு அங்குலத் தொண்டை உள்ள டிரைவர்கள் மலிவாகவே கிடைக்கின்றன. தகடு பழுதானால் தகட்டை மட்டும் மாற்றவும் முடியும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற கடைத்தெருக்களில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழாய் ஸ்பீக்கருக்கான 'யூனிட்' வேறு, இசைக்கான கம்ப்ரஷன் டிரைவர் வேறு. முதலாவது பேச்சுக்கானது; சலங்கையும் ஜால்ராவும் அதில் மங்கிப்போகும். திருகி மாட்டுவதா, போல்ட் வைத்து முடுக்குவதா என்பதையும் பார்த்து, அதற்கேற்ற ஹார்னை வாங்க வேண்டும். டிரைவரின் துளையும் ஹார்னின் தொண்டையும் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் படி இருந்தாலும் உச்ச ஒலி அங்கே முட்டித் திரும்பும்.

ஹார்னைக் கையால் செய்ய விரும்புபவருக்கு எக்ஸ்பொனென்ஷியல் வடிவத்தின் கணக்கு எளிது. 500 ஹெர்ட்ஸ் ஹார்னில் ஒவ்வொரு 3.8 செ.மீ. நீளத்துக்கும் பரப்பு இரட்டிப்பாகிறது. எனவே விட்டம் 2.5 செ.மீ.யில் தொடங்கி 3.6, 5.1, 7.2, 10.2, 14.4, 20.3 என்று விரிந்து, 23.5 செ.மீ. நீளத்தில் 22 செ.மீ. வாயை எட்டும். 12 மி.மீ. ப்ளைவுட்டில் வளையங்கள் வெட்டி, ஒவ்வொன்றின் விட்டத்தையும் முந்தியதைவிடச் சுமார் 12 சதவீதம் கூட்டி, பசை போட்டு அடுக்கி, உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தால் இருபது வளையங்களில் ஹார்ன் உருவாகிவிடும். மரம் வேண்டாம் என்றால் களிமண்ணில் அச்சுச் செய்து அதன்மேல் காகிதக்கூழை அடுக்கடுக்காகப் பூசலாம். சுவர் கனமாகவும் அதிராமலும் இருப்பதே முக்கியம். தட்டிப் பார்த்தால் 'டிக்' என்று மந்தமாக ஒலிக்க வேண்டும், மணிபோல ஒலிக்கக் கூடாது. வாயின் ஓரத்தைக் கூர்மையாக விடாமல் வெளிப்புறமாக வளைத்து உருட்ட வேண்டும். ஓரம் கூர்மையாக இருந்தால் அலை அங்கிருந்து தொண்டைக்குத் திரும்புகிறது. மூக்கால் பேசுவதுபோல ஹார்ன் ஒலிப்பதற்கு அதுவே பெருங்காரணம்.

எக்ஸ்பொனென்ஷியல் வடிவத்துக்கு ஒரு குறை உண்டு. அதிர்வெண் ஏற ஏற ஒலி நடுவில் குவிந்து, பக்கவாட்டில் அமர்ந்திருப்பவருக்கு மங்கலாகிறது. டி. பி. கீல் 1975இல் எழுதிய ஆய்வுக்குப் பின் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே கோணத்தில் ஒலியைப் பரப்பும் ஹார்ன்கள் வந்தன. 'வேவ்கைடு' என்ற பெயரில் இன்று பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வழி வந்தவை. பலர் சேர்ந்து கேட்கும் கூடத்துக்கு அவையே ஏற்றவை. முதல் முயற்சியில் ஹார்னை வாங்கிவிட்டுப் பெட்டியைக் கையால் செய்வது பணத்தையும் பொறுமையையும் மிச்சப்படுத்தும்.

பெட்டிக்குள் வைக்கும் 12 அல்லது 15 அங்குல வூஃபர், மேடை ஒலியமைப்புக்கானதாக இருப்பது நல்லது. காரில் வைக்கும் சப்வூஃபர் இதற்கு ஆகாது. அதன் உணர்திறன் குறைவு. 1,000 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக ஏறவும் அதனால் முடியாது. பெட்டியின் கொள்ளளவும் துவாரக் குழாயின் நீளமும் தீல், ஸ்மால் என்ற இரு ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் அளவெண்களிலிருந்து கிடைக்கும். வூஃபரோடு வரும் தாளில் அவை அச்சாகியிருக்கும், இலவச மென்பொருளில் கொடுத்தால் கணக்கு வந்துவிடும். அந்தத் தாள் இல்லாத வூஃபரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தவிர்க்க வேண்டும். மேடை வூஃபர்கள் பொதுவாக 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். தம்பூராவுக்கும் தவிலுக்கும் அதுவே போதும். அதற்கும் கீழே வேண்டுமென்றால் தனி சப்வூஃபர்தான்.

வூஃபருக்கும் ஹார்னுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். ஒரு அங்குல டிரைவருக்கு 1,200 முதல் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் அனுப்புவது பாதுகாப்பானது. ஹார்னின் எல்லைக்குக் கீழே தகட்டுக்குக் காற்றின் பிடிமானம் இல்லை. அங்கே பாஸ் புகுந்தால் தகடு கட்டுமீறி ஆடி உடைந்துவிடும். காயிலும் கெபாசிட்டரும் கொண்ட கிராஸ்ஓவரைச் சரியாக அமைக்க அனுபவம் வேண்டும். தவறினால் ஒவ்வொரு முறையும் புதுப் பாகம் வாங்க நேரும். டிஎஸ்பி எனப்படும் எண்முறைக் கருவி ஒன்றும், வூஃபருக்கும் ஹார்னுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயரும் வைத்தால் எல்லாவற்றையும் கணினித் திரையிலேயே மாற்றிப் பார்க்கலாம். ஹார்னுக்குச் சில வாட் போதும் என்பதால் அந்த ஆம்ப்ளிஃபயர் சிறியதாகவே இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது வரும் 'டப்' அதிர்ச்சி தகட்டைத் தாக்காமலிருக்க, டிரைவருக்குத் தொடராக 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். 8 ஓம் டிரைவரில் அது 420 ஹெர்ட்ஸ் அளவில் காவல் நிற்கும்.

பொருத்தி முடித்ததும் அமைப்பு நன்றாக ஒலிக்காது. ஹார்ன் வூஃபரைவிடப் பத்து டெசிபல் அளவுக்கு உரத்து ஒலிக்கும்; பலர் மனமுடைந்து நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் வேலையின் சுவையான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. டிரைவருக்குத் தொடராக 5.6 ஓம், டிரைவரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 3.9 ஓம் என இரு ரெசிஸ்டர்களை வைத்தால் அந்தப் பத்து டெசிபல் இறங்கும். டிஎஸ்பியில் எண்ணை மாற்றியும் குறைக்கலாம். ஆனால் ரெசிஸ்டர் வைத்தால் ஆம்ப்ளிஃபயரின் 'ஸ்ஸ்' இரைச்சலும் சேர்ந்து அடங்கும். உணர்திறன் மிகுந்த டிரைவரில் அந்த இரைச்சல் நள்ளிரவில் நன்றாகவே கேட்கும்.

அடுத்து வேண்டியது அளவீட்டு மைக். யுஎஸ்பி மைக் ஒன்றும் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளும் போதும். விலை உயர்ந்த கேபிளுக்குச் செலவிடும் பணத்தை இதில் போட்டால் பல மடங்கு பயன் கிடைக்கும். ஒலிபெருக்கியையும் மைக்கையும் ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில், மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில் வைத்து அளந்தால், நேர் ஒலிக்குப் பிறகு தரையிலிருந்து எதிரொலி வர 6 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். அதற்கு முன் வந்ததை மட்டும் மென்பொருளில் வெட்டி எடுத்தால் 160 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிபெருக்கியின் சொந்தக் குணம் தெரியும். ஒரே திசை அளவுகோலாகாது. 15, 30, 45 பாகை விலகியும் அளக்க வேண்டும். வேவ்கைடு வகை ஹார்னில் 3 அல்லது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரிந்துகொண்டே போவது தெரியும். அது பழுதல்ல, ஒலி அகன்று பரவுவதன் விளைவு. அந்தச் சரிவை ஈக்வலைசரில் தூக்கிவிட வேண்டும். ஒரு கோணத்தில் மட்டும் தெரியும் குறுகிய பள்ளங்களை நிரப்ப முயலக் கூடாது. அவை ஓரப் பிரதிபலிப்பால் வருபவை, நிரப்பினால் வேறு திசையில் மேடாகும்.

பிறகு நேரப் பொருத்தம். ஹார்னின் தகடு வாயிலிருந்து 23 செ.மீ. பின்னால் இருக்கிறது, வூஃபரின் கூம்போ முன்பலகையை ஒட்டியிருக்கிறது. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க மில்லிவிநாடியில் மூன்றில் இரண்டு பங்கு ஆகும். 1,400 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ ஒரு முழு அலை. டிஎஸ்பியில் வூஃபரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்த வேண்டும். துல்லியமான அளவைக் கண்டுபிடிக்க எளிய முறை உண்டு: ஹார்னின் இரு வயர்களைத் தலைகீழாக மாற்றிக் கட்டி, கணக்கிட்ட அளவையொட்டித் தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே அளந்தால், ஓரிடத்தில் கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஆழமான பள்ளம் விழும். அந்தத் தாமதத்தை அப்படியே நிறுத்தி, வயரை மீண்டும் நேராகக் கட்டினால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். பாடகரின் குரல் பெட்டியை விட்டு விலகி, இரு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே வந்து நிற்க இந்தத் திருத்தமும் துணைசெய்யும்.

கடைசியாக அறை. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே பாஸ் வீங்கும். 5 மீட்டரில் 34 ஹெர்ட்ஸ் அருகே. ஒலிபெருக்கியையும் நாற்காலியையும் நகர்த்திப் பார்த்த பிறகே ஈக்வலைசரைத் தொட வேண்டும். வீக்கங்களைக் குறைக்கலாம், பள்ளங்களைத் தூக்கக் கூடாது. அமரும் இடத்தில் அளந்தால் அடி ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை கோடு மெல்லச் சரிந்து வர வேண்டும். அங்கே நேர்க்கோடு வரைய முயன்றால் ஒலி கூசும். அதன்பின் நன்கு பழகிய ஒரு குரலை, முடிந்தால் பக்கவாத்தியம் குறைந்த ஒரு பதிவை, சில நாட்கள் கேட்டு அரை டெசிபல், ஒரு டெசிபலாகத் திருத்த வேண்டும்.

ஹார்னில் சிதைவு குறைவு என்பதால் உரத்து ஒலிப்பதே தெரியாது. கை தானாகவே வால்யூமை ஏற்றும். 85 டெசிபலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அளவீட்டு மைக் கையில் இருக்கும்போதே, வழக்கமாகக் கேட்கும் ஒலி அளவு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து, வால்யூம் திருகில் ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது.