பெட்டியும் சாவியும்: உலாவியில் உறங்கும் கடவுச்சொற்கள்

முற்காலத்தில் ஒரு வீட்டிற்கு இரண்டு மூன்று சாவிகள் இருந்தால் அதிகம். வாசற்கதவுக்கு ஒன்று, இரும்புப் பெட்டிக்கு ஒன்று, நெல் அறைக்கு ஒன்று. அவை பாட்டியின் இடுப்பில் கொத்தாகத் தொங்கும். இன்றோ வருமான வரிக்கு ஒரு சாவி, வருங்கால வைப்பு நிதிக்கு ஒரு சாவி, இரயில் முன்பதிவுக்கு ஒன்று, எரிவாயு உருளைக்கு ஒன்று, பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பத்திற்கு ஒன்று என்று ஒவ்வொரு குடும்பத்திலும் முப்பது நாற்பது சாவிகள் சேர்ந்துவிட்டன. இச்சாவிகளுக்குக் கடவுச்சொல் என்று பெயர். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு என யாவும் கலந்த அச்சொற்களை மனத்தில் இருத்துதல் எவர்க்கும் அரிது. ஆகவேதான், "இதனை நான் சேமித்து வைக்கட்டுமா?" என்று கணினியின் உலாவி பணிவுடன் வினவும்போது, நாமும் 'ஆகட்டும்' என்று தலையசைத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். மறப்பதற்காகத்தானே அதனிடம் ஒப்படைத்தோம்!

இவ்வசதியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எல்லா இடத்திற்கும் பிள்ளையின் பிறந்தநாளையே கடவுச்சொல்லாக வைப்பதைவிட, ஒவ்வோர் இடத்திற்கும் வெவ்வேறு கடினமான சொல்லை அமைத்து உலாவியிடம் விடுவது எவ்வளவோ மேல். ஆனால், ஒப்படைத்த பொருள் எங்கே இருக்கிறது, அதனைத் திரும்பப் பெறுவது எங்ஙனம் என்பதை அறியாமல் ஒப்படைப்பதில்தான் இடர் இருக்கிறது. கணினி ஒருநாள் இயங்க மறுக்கும். பழுது பார்ப்பவர், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிடலாம், உங்கள் புகைப்படங்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன்" என்பார். திருமணப் படங்களும் முதல் நற்கருணைப் படங்களும் பத்திரமாக வந்து சேரும். கடவுச்சொற்களைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. கணினி வீடு திரும்பிய பிறகு, வரிக் கணக்கின் வாயிலில் நின்றுகொண்டு, "என்ன சொல் வைத்தோம்?" என்று கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் காட்சி எத்தனையோ இல்லங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதனைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டால் போதும். உலாவி நம் கடவுச்சொற்களை ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டுகிறது. சாவியை வேறோர் இடத்தில் வைக்கிறது. பெட்டி என்பது கணினியின் வட்டில் உள்ள ஒரு கோப்பு. அதிலுள்ள சொற்கள் படிக்க இயலாதவாறு மறைமொழியாக மாற்றப்பட்டிருக்கும். சாவியின்றிப் பெட்டியை மட்டும் காப்பாற்றியவர் எதையும் காப்பாற்றியவர் ஆகார்.

ஃபயர்ஃபாக்ஸ் என்னும் உலாவியை எடுத்துக்கொள்வோம். அதில் பெட்டிக்கு 'லாகின்ஸ்.ஜேசன்' என்று பெயர், சாவிக்கு 'கீ4.டிபி' என்று பெயர். இவ்விரண்டு கோப்புகளும் ஒரே கோப்புறையில் அருகருகே இருக்கின்றன. உலாவியின் உதவிப் பகுதியில் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்னும் பக்கத்தைத் திறந்தால், 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரியின் எதிரே அக்கோப்புறையைத் திறக்கும் பொத்தான் காணப்படும். பிறகு உலாவியை முழுமையாக மூடிவிட்டு, இவ்விரண்டையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்தால், நாளை வேறு கணினியில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவி, அதே விதமான கோப்புறையில் அவற்றை இட்டுத் திறந்த மாத்திரத்தில் அத்தனை கடவுச்சொற்களும் மீண்டு வந்து நிற்கும். பழைய கணினியே இறந்துபோயினும் அதன் வட்டு உயிரோடிருந்தால், அதனைக் கழற்றி மற்றொரு கணினியுடன் இணைத்து இக்கோப்புகளை எடுத்துவிடலாம்.

இவ்வளவு எளிதென்றால் திருடனுக்கும் எளிதல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரு கோப்புகளும் எவர் கைக்குப் போகின்றனவோ அவர் அனைத்தையும் படித்துவிடுவார். அதனைத் தடுக்கவே 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்னும் ஏற்பாடு உண்டு. 2020ஆம் ஆண்டிற்கு முன்னர் இது 'மாஸ்டர் பாஸ்வேர்ட்' என்று அழைக்கப்பட்டது. இத்தலைமைச் சொல்லை நாமே அமைத்துக்கொண்டால் சாவியின் மேல் இன்னொரு பூட்டு விழும். ஆயின் இத்தலைமைச் சொல்லை மறந்தால் மீட்சி இல்லை. அதனை நீக்கிப் புதிது வைக்க உலாவி இடந்தரும். ஆனால் சேமித்திருந்த அனைத்தும் அப்போதே அழிந்துபோகும்.

நம் மக்களுள் பெரும்பாலோர் கையாளும் குரோம் உலாவியின் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எட்ஜ் உலாவியும் 2020 முதல் அதே அடித்தளத்தின்மீது அமைந்திருப்பதால், இங்குச் சொல்வது அதற்கும் பொருந்தும். குரோமின் பெட்டிக்கு 'லாகின் டேட்டா' என்று பெயர். அதன் சாவியை விண்டோஸ் தன் பொறுப்பில் பூட்டி வைத்திருக்கிறது. நாம் கணினியைத் திறக்கும்போது தட்டச்சும் விண்டோஸ் கடவுச்சொல்லோடு அச்சாவி பிணைக்கப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பிலிருந்தே உள்ள ஏற்பாடு இது. எனவே குரோமின் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வேறு கணினியில் இட்டாலும், புத்தகக்குறிகள் வரும். பார்த்த பக்கங்களின் வரலாறு வரும். கடவுச்சொற்கள் மட்டும் வாரா. "எல்லாவற்றையும் நகல் எடுத்தேனே!" என்று வருந்துவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் ஏமாந்தவர்களே.

இதனினும் நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. விண்டோஸ் கடவுச்சொல்லையே மறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் ஒருவர் வந்து, ஏதோ ஒரு கருவியின் துணையால் பழைய சொல்லை வலிந்து நீக்கிப் புதியது வைத்துத் தருகிறார். கணினி திறக்கிறது, வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் பழைய சொல்லோடு பிணைந்திருந்த சாவி அத்தோடு எட்டாததாகிவிடுகிறது. உலாவியில் சேமித்தவையும் படிக்க இயலாமற் போகின்றன. பழைய சொல் தெரிந்திருந்து, முறைப்படி நாமே அதனை மாற்றினால் இவ்விடர் இல்லை. விண்டோஸ் சாவியையும் உடன் மாற்றிக்கொள்ளும். ஆதலால் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, "விண்டோஸ் சொல்லை வலிந்து மாற்றாதீர்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நன்று.

"எங்கள் வீட்டில் கூகுள் கணக்கோடு இணைத்திருக்கிறோமே?" என்று இளைஞர்கள் சொல்வார்கள். உண்மை, அவ்வாறு இணைத்திருந்தால் கணினி எரிந்து சாம்பலானாலும் கவலையில்லை. எந்தக் கைப்பேசியிலிருந்தும் அதே கணக்கிற்குள் நுழைந்து, 'பாஸ்வேர்ட்ஸ்.கூகுள்.காம்' என்ற முகவரியில் அவற்றைக் காணலாம். எனினும் இணைப்பு வேறு, காப்பு நகல் வேறு என்பதை மறத்தல் ஆகாது. இணைப்பு என்பது கண்ணாடி போன்றது. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ஃபயர்ஃபாக்ஸின் இணைப்பிலோ, கணக்கின் கடவுச்சொல்லை மறந்து அதனைப் புதுப்பித்தால், நிறுவனத்தின் கணினியில் இருந்த நம் தரவு துடைக்கப்பட்டுவிடும். நம் பழைய கணினியோ கைப்பேசியோ அவற்றைத் தாங்கியிருந்தால் மட்டும் மீண்டும் ஏறும். முன்கூட்டியே 'ரெக்கவரி கீ' எனப்படும் மீட்புச் சாவியை உருவாக்கித் தாளில் எழுதி வைத்தோர் இவ்விழப்பிலிருந்து தப்புவர்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணினி நலமாக இயங்கும் நாளே இதற்கு ஏற்ற நாள். குரோமில் மேற்புறத்து மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்' பகுதிக்குச் செல்லுங்கள். ஒரு தளத்தின் பெயரைத் தொட்டு, கண் வடிவக் குறியை அழுத்தினால் மறைந்திருக்கும் சொல் தெரியும். ஒன்றிரண்டு சொற்களை மீட்க இதுவே போதும். அனைத்தையும் எடுக்க, அதே பகுதியின் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'பாஸ்வேர்ட்ஸ்' பக்கத்து மூன்று புள்ளிகளில் இதே பணி நடைபெறும். ஆப்பிள் கணினி வைத்திருப்போர்க்கு, 2024இல் வந்த 'பாஸ்வேர்ட்ஸ்' செயலியிலும் இவ்வசதி உண்டு.

வெளிவரும் கோப்பிற்கு 'சி.எஸ்.வி.' என்று பெயர். இங்கேதான் மிகுந்த விழிப்பு வேண்டும். அக்கோப்பில் தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் எவ்வித மறைவுமின்றி, செய்தித்தாள் போல எவரும் படிக்கத்தக்க வெற்றெழுத்தில் இருக்கும். பெட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. இதனை வாட்ஸப்பில் மகனுக்கு அனுப்புவதும், மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும் வீட்டுப் பத்திரத்தைப் பேருந்து நிலையத்தில் ஒட்டி வைப்பதற்குச் சமம். கணினியின் முகப்பில் சேமிப்பதும் தகாது. பல கணினிகளில் முகப்பிலுள்ளவை 'ஒன்டிரைவ்' வழியாகத் தாமே இணையத்திற்கு ஏறிவிடுகின்றன. நேரே பென் டிரைவில் சேமிக்க வேண்டும். கணினியில் தவறிச் சேமித்திருந்தால் அழித்த பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். மற்றொன்று: அதனை எக்செல்லில் திறந்து பார்க்கலாம், ஆனால் அங்கிருந்தே மறுபடி சேமிக்க வேண்டா. சுழியத்தில் தொடங்கும் எண்களின் முன்சுழியத்தை எக்செல் விழுங்கிவிடும். 'பாஸ்கீ' எனப்படும் புதுவகைத் திறவுகளும் இக்கோப்பில் இடம்பெறா.

அக்கோப்பை அப்படியே வைத்திருக்கலாகாது என்றால் எங்கே மாற்றுவது? வீட்டில் கணினி அறிந்த பிள்ளை இருந்தால், 2003இல் ஜெர்மானியரான டொமினிக் ரைக்ல் உருவாக்கிய 'கீபாஸ்' என்னும் இலவச மென்பொருளில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். ஒரே தலைமைச் சொல்லால் பூட்டப்பட்ட அக்கோப்பைப் பென் டிரைவில் வைத்தால், அது தொலைந்தாலும் எடுத்தவர்க்குப் பயனில்லை. பென் டிரைவுகள் சொல்லாமல் பழுதாகும் இயல்புடையவையாதலால் இரண்டில் வைத்தல் நலம். இவையெல்லாம் ஒத்துவராது என்போர் முக்கியமான பத்துப் பதினைந்து கடவுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் மையினால் எழுதி, நிலப்பத்திரம் வைக்கும் அலமாரியில் வைக்கட்டும். தாளில் எழுதுவதைப் பலர் இழிவாகக் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதுவதில்லை. வெளிநாட்டில் அமர்ந்து திருடுபவனால் நம் அலமாரியைத் திறக்க முடியாது. அலுவலகங்களுக்கும் விடுதியில் தங்குவோர்க்கும் இது பொருந்தாது. பூட்டுள்ள வீட்டிற்குப் பொருந்தும்.

ஏற்கெனவே இழந்தவர்கள் என் செய்வது? பெரும்பாலான தளங்களில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்னும் வழி திறந்தேயிருக்கிறது. மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ ஒரு குறியெண் வரும். புதிய சொல் வைத்துக்கொள்ளலாம். இதனால் தெளிவாவது, நாற்பது சாவிகளுள் மின்னஞ்சலின் சாவியே தாய்ச்சாவி என்பது. அதனையும், அதனோடு இணைந்த கைப்பேசி எண்ணையும் இழந்தவர் நிலை இரங்கத்தக்கது. கூகுள் கணக்கில் எட்டு இலக்கமுள்ள பத்து மாற்றுக் குறியெண்களைப் பெற்று அச்சிட்டு வைக்க வழியுண்டு. ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படும். 'இழந்த கடவுச்சொல்லை மீட்டுத் தருவோம்' என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் மென்பொருள்களை மட்டும் நாடாதீர்கள். அவற்றுள் பல, மீட்ட சொற்களை உங்களிடம் தருவதற்கு முன் தம் எசமானிடம் சேர்த்துவிடுபவை.

கணினியின் மரணத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். மனிதனின் மரணத்தையும் பேசாமல் விடலாகாது. குடும்பத் தலைவர் திடீரென மறைந்தபின், அடக்கச் சடங்கு முடிந்து உறவினர் கலைந்த வீட்டில், காப்பீட்டுத் தவணை எங்கே, மின்கட்டணம் எந்தக் கணக்கில் என்று தெரியாமல் தவிக்கும் மனைவியின் துயர் பெரிது. அவருடைய கடவுச்சொல் கிடைத்தாலும், அதனைக் கொண்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது முறையன்று. இறப்புச் சான்றிதழோடு நியமனதாரர் வங்கியை நேரில் அணுகுவதே வழி. ஆனால் எந்தெந்தக் கணக்குகள் உள்ளன என்ற பட்டியலாவது அவள் கைக்குக் கிடைக்க வேண்டும். ஆகவே குறிப்பேடு இருக்கும் இடத்தைக் கணவன் மனைவி இருவரும் அறிந்திருங்கள். பிள்ளைகள் வெளியூரில் பணிபுரிந்தால், வயது முதிர்ந்த பெற்றோரின் கணினியை அடுத்த விடுமுறையில் அவர்களோடு அமர்ந்து பாருங்கள்.

ஆப்பிள் நிறுவனம் 2021 இறுதியில் 'லெகசி காண்டாக்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நாம் குறிப்பிடுபவர் நம் மறைவுக்குப் பின் படங்களையும் கடிதங்களையும் பெறலாம். சேமித்த கடவுச்சொற்களை அதன்வழிப் பெற இயலாது. கூகுள் நிறுவனம் 2013 முதல் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்றொரு வசதியை வைத்திருக்கிறது. இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையையும் அந்நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியிருப்பதால், இவ்வசதியை நாடுவது இன்று அவசியமாகிவிட்டது. கணக்கின் அமைப்புகளில் அதனைத் திறந்தால், மூன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு மாதங்கள் என்று காலக்கெடு கேட்கும். அத்தனை காலம் நம்மிடமிருந்து அசைவில்லையேல் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்கும். பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம்.