கடைசி மூச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம்

எண்ணெய்ச் சிமிழைக் கண்டால் ஏன் பயம்?

கத்தோலிக்கக் குடும்பங்களில், நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற சொல்லுக்கே ஒரு நடுக்கம் உண்டு. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வாசலில் வந்து நின்றால், உள்ளே படுத்திருப்பவர் இனிப் பிழைக்க மாட்டார் என்று தெருவே முடிவு கட்டிவிடும். நோயாளி பயந்துவிடுவார் என்று சொல்லி, சாமியாரை அழைப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அவர் வந்து சேரும்போது நோயாளிக்கு நினைவு தப்பியிருக்கும். திருச்சபை இப்படி நடக்கச் சொல்லவில்லை. இந்த அருட்சாதனம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல, இதை 'நோயில் பூசுதல்' என்று அழைப்பதே பொருத்தம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொன்னது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கு முறையையும் அதற்கேற்பத் திருத்தினார். பெயர் மாறியும், கூப்பிடும் நேரம் நம் வீடுகளில் மாறவில்லை. மற்ற சபைகளில் சடங்கு வேறாக இருக்கலாம். ஆனால் போதகரைக் கடைசி நாளில் தேடி ஓடும் வழக்கம் அங்கேயும் உண்டு. நோய் குணமாகாது என்று தெரிந்த நாளிலிருந்தே ஆன்மிகத் துணை வேண்டும். அது வலி மருந்தோடு கைகோத்து வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

போளூரிலிருந்து பார்த்தால் இதன் அவசரம் புரியும். விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையில் இருக்கும் ஊர் இது. பெரிய நோய் என்றால் வேலூர் சி.எம்.சி.க்குப் போவது இங்கே பழகிப்போன வழி. 1900-இல் ஐடா ஸ்கடர் சிறிய அளவில் தொடங்கிய அந்த மருத்துவமனையில் வலி தணிப்புப் பிரிவு உண்டு. நோயாளிகளோடு பேசவும் ஜெபிக்கவும் ஆன்மிகப் பணியாளர்களும் உண்டு. ஆனால் 'இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்' என்று சொன்ன பிறகு வரும் மாதங்கள் வேலூரில் கழிவதில்லை. போளூர்த் தெருவிலோ, ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஜவ்வாது மலையின் ஒரு குக்கிராமத்திலோ கழிகின்றன. துணை அறுந்துபோவது அங்கேதான்.

வலி உடம்பில் மட்டும் இல்லை

நோயுற்றவரின் வலியை முழுதாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக, சமூகப் பணியாளராக, பிறகு மருத்துவராக வேலை பார்த்த கிறிஸ்தவப் பெண்மணி. உடல் வலி, மனத்துயரம், குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற ஆன்மக் கேள்வி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை 'முழு வலி' என்றார். கடன் அடையாத கவலை முதுகுவலியைக் கூட்டும். மன்னிப்புக் கேட்காத குற்ற உணர்வு தூக்கத்தைக் கெடுக்கும். 1967-இல் அவர் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் இன்றைய வலி தணிப்பு மருத்துவத்துக்கு முன்னோடி. ஆன்மிகத் துயரைக் கவனிப்பதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான் என்று உலக சுகாதார நிறுவனமும் வரையறுத்திருக்கிறது.

ஜெபமும் மருந்தும் தனித்தனியே போனால்

பக்தி மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை அறிய வேண்டும். முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரைத் தொடர்ந்து கவனித்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். மத நம்பிக்கையை மிகுதியாகச் சார்ந்திருந்தவர்களில் 11.3 சதவீதம் பேருக்குக் கடைசி வாரத்தில் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டது. குறைவாகச் சார்ந்திருந்தவர்களில் 3.6 சதவீதம் பேருக்குத்தான். 2013-இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கூர்மையானது. சபையின் ஆதரவு மிகுதியாகப் பெற்றவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பது அதிகமாக இருந்தது. ஆனால் மருத்துவக் குழுவும் அவர்களுடைய ஆன்மிகத் தேவையைக் கவனித்த இடங்களில் நிலைமை மாறியது. இது அமெரிக்கக் கணக்கு. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் வகை ஆய்வும் அல்ல. ஆனாலும் ஒன்றை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஜெபம் குற்றவாளி இல்லை. போதகர் ஒன்றும் மருத்துவர் வேறொன்றும் சொல்ல, நடுவில் நோயாளி அல்லாடுவதுதான் கேடு.

'மரணத்தை ஏற்றுக்கொள்வது விசுவாசக் குறைவு அல்லவா?' என்று உண்மையான பக்தியோடு கேட்பவர்கள் உண்டு. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் துன்பம் நீங்கும்படி மன்றாடினார்; அதே மூச்சில் தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்படைக்கவும் செய்தார். குணமாக வேண்டும் என்று ஜெபிப்பதும், குணமாகாவிட்டால் என்ன செய்வது என்று பேசிவைப்பதும் ஒரே வாயிலிருந்து வரலாம். உண்மையைச் சொன்னால் நோயாளி உடைந்துபோவார் என்பது இன்னொரு பயம். பெரும்பாலான நோயாளிகள் வீட்டாரின் கண்களைப் பார்த்தே ஊகித்துவிடுகிறார்கள். மறைப்பதால் அவர்கள் பயம் குறைவதில்லை. அதைப் பகிர ஆள்தான் இல்லாமல் போகிறது. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் கேட்டு, அந்த அளவுக்குச் சொல்வதே கருணை.

மார்ஃபின், சிலுவை, பால்

'துன்பம் சிலுவையில் பங்கு, அதை மருந்தால் தணிக்கலாமா?' என்ற கேள்விக்கு, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் மருத்துவர்களிடம் பேசும்போதே விடை தந்துவிட்டார்: கடும் வலியைத் தணிக்க மார்ஃபின் போன்ற மருந்து கொடுப்பது பாவமல்ல. மார்ஃபினை வலி வந்த பிறகு கொடுக்காமல், நேரம் தவறாமல் கொடுக்கும் முறையைச் சாண்டர்ஸ் செப்பனிட்டதும் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஓர் இல்லத்தில்தான். மருத்துவர் சொன்ன அளவில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை விழுங்கும் மாத்திரை ஆளைக் கொல்லாது. வலிக்காக முறையாக எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து கேட்டு வாங்க வேண்டும். இந்த மருந்துகள் கிடைப்பதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'இழுத்துக்கொண்டிருக்கிறது' என்று ஆனதும் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றுகிறோம். விழுங்கும் சக்தி இல்லாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும். ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் போதும். கையைப் பிடித்துக்கொண்டு, கேட்கிறது என்றே நம்பிப் பேசலாம்.

யாருடைய தேவை?

ஆன்மிகத் துணை என்ற பெயரில் மதமாற்றம் நடக்கும் என்ற ஐயத்தைச் சபைகள் கோபிக்காமல் ஏற்க வேண்டும். படுத்த படுக்கையில் இருப்பவரால் மறுத்துப் பேச முடியாது. ஆகவே அங்கே அழுத்தம் கொடுப்பது அநியாயம். 'உங்களுக்குத் தெம்பு தருவது எது? யாரைப் பார்க்க ஆசை?' என்று கேட்பதே போதுமான தொடக்கம். இந்து நோயாளி அண்ணாமலையார் திருநீறு கேட்டால் அதை வாங்கிவந்து கொடுப்பதும் கிறிஸ்தவப் பணிதான்.

மலையில் இதெல்லாம் நடக்குமா என்றால், பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புச் சேவையும் அடங்கும். ஒவ்வொரு சபையும் இருவரையாவது அந்தச் சேவையின் செவிலியரோடு அறிமுகப்படுத்திக்கொண்டு, படுக்கையில் இருப்பவரை வாரம் ஒரு முறை பார்த்து வரட்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலி தணிப்புச் செவிலியரைக் கேளுங்கள். 104 எண்ணிலும் விசாரிக்கலாம். சாமியாரையோ போதகரையோ, நோயாளியால் எழுந்து உட்கார்ந்து பேச முடிகிற இப்போதே வரச் சொல்லுங்கள்.