காவிரியின் சொந்தப் பிள்ளை

தர்மபுரிக் கிராமங்களின் தாகம் தீர வேண்டும். அபூர்வ மஹ்சீர் மீனும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் தேவை ஒன்றேதான்

காட்கோபர் மலைச்சரிவில் எரியும் விளக்குக்கும் ஒகேனக்கல் மீனுக்கும் உறவு உண்டு. மும்பை மின்சாரத்தில் ஒரு பங்கு, லோனாவாலா அருகே டாடா நிறுவனத்தின் வல்வன் ஏரித் தண்ணீர் கோபோலி மின்நிலையத்துக்கு இறங்குவதால் கிடைக்கிறது. அந்த ஏரிக்கரையில் 1970களில் மஹ்சீர் இனத்தைக் காக்க மீன்பண்ணை ஒன்று தொடங்கியது. நீலத் துடுப்பு மஹ்சீர் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன.

வினையும் கூடவே வந்தது. நீலத் துடுப்பு, கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த மீன். காவிரியின் சொந்தப் பிள்ளை, ஆரஞ்சுத் துடுப்பும் கூன் முதுகும் கொண்ட மஹ்சீர். 50 கிலோவுக்கு மேலும் வளரும். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வந்த மீன் பெருகியது. சொந்த மீன் அருகியது. அது 'டோர் ரெமாதேவி' என்ற இனமே என்று விஞ்ஞானிகள் அடையாளம் கண்டது 2018ல்தான். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். இன்று அதன் முக்கியப் புகலிடம், காவிரி நீரமைப்பைச் சேர்ந்த மோயாறு.

குடிநீர் எதிரியா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, இறுகிப்போன மூட்டு, வளைந்த எலும்பு என்று தலைமுறைகள் அவதிப்பட்டன. கர்நாடகத்தின் எதிர்ப்பைத் தாண்டி, ஜப்பான் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் குழாயை மூடச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

மூட வேண்டியதுமில்லை. திட்டத்துக்கென முதலில் பேசப்பட்டது ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டியதாக உச்ச நீதிமன்றம் 2018ல் நிர்ணயித்ததோ 177.25 டி.எம்.சி. குடிநீரின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. மீனை நெருக்குபவை வேறு: வழிமறிக்கும் அணைகள், மணல் கொள்ளை, வெடி வைத்து மீன் பிடித்தல், கோடையில் மெலியும் நீரோட்டம்.

கணக்கில் உள்ள ஓட்டை இங்கேதான். நடுவர் மன்றம் 2007ல் சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது. ஆனால் மீன் ஆண்டுக் கணக்கில் வாழ்வதில்லை. அன்றாட நீரோட்டத்தில் வாழ்கிறது. முட்டையிட மேலேறிச் செல்ல மழைக்கால வெள்ளமும் கூழாங்கல் படுகையும் வேண்டும்; கோடையைத் தாண்ட ஆழமான மடுக்கள் வேண்டும்.

கோடையில் ஆறு மெலிந்தால் குழாயும் மெலியும். கிராமம் மறுபடி ஆழ்துளைக் கிணற்றுக்கு, அதாவது ஃபுளோரைடுக்கே, திரும்பும். ஆக, மேலணைகளிலிருந்து கோடையில் குறைந்தபட்ச நீரோட்டம் உறுதியானால் மீனுக்கும் லாபம், மனிதனுக்கும் லாபம். அத்துடன் இனப்பெருக்கக் காலத்தில் மீன்பிடித் தடை, மடுக்களுக்குக் காவல், வெளியூர்க் குஞ்சுகளுக்கு முற்றுப்புள்ளி ஆகியவையும் அவசியம்.

ஒரு நதியின் மீனை இன்னொரு நதியில் விட்டு நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது. வல்வன் குஞ்சுகள் காவிரியில் கற்றுத்தந்த பாடம் அது.