தொழிற்கூடத்தில் நிலைமின்சாரம்

மின்சாரத்தை அரபு மொழியில் 'கஹ்ரபா' என்று வழங்குவர். இச்சொல் பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்தது. 'காஹ்' என்பது வைக்கோல்; 'ருபா' என்பது கவர்வது. வைக்கோற் துரும்பைக் கவரும் பொருள் என்பதே அதன் நேர்ப்பொருள். தஸ்பீஹ் மணிகள் செய்யப் பயன்படும் மஞ்சள் நிற ஆம்பரைத்தான் பாரசீகர் அவ்வாறு அழைத்தனர். மண்ணுள் புதையுண்டு பல இலட்சம் ஆண்டுகளில் கல்லாய் இறுகிய மரப்பிசின் அது. அதனைக் கம்பளியில் தேய்த்துத் துரும்பின் அருகே கொண்டு செல்ல, துரும்பு தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். கிரேக்கர் அதே பொருளை 'எலக்ட்ரான்' என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'எலக்ட்ரிசிட்டி' அதன் வழிப் பிறந்தது. ஆக, கிழக்கும் மேற்கும் மின்சாரத்திற்குப் பெயரிட்ட வேளையில் அவற்றின் கண்முன் நின்றது கம்பியில் ஓடும் மின்சாரம் அன்று. பொருளின்மேல் தங்கி நிற்கும் நிலைமின்சாரமே ஆகும்.

பள்ளியில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்த்து விளையாடியதோடு அதனை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் நம் மாணவரும் மாணவியரும் இன்று வேலை தேடிச் செல்லும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் மின்னணுத் தொழிற்கூடங்களில், முதல் நாளிலேயே கற்பிக்கப்படும் பாடம் இதுதான். ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. ஒன்று நேர்மின்னேற்றமும் மற்றொன்று எதிர்மின்னேற்றமும் பெறுகின்றன. தேய்த்தல் என்பது பல்லாயிரம் முறை தொட்டுப் பிரிதலேயன்றி வேறன்று. நாற்காலியிலிருந்து எழுதல், தரையில் நடத்தல், செலோடேப்பை உரித்தல் ஆகிய எல்லாவற்றிலும் இது நிகழ்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பொருளின் மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலத்தின் வழியே மின்னேற்றம் கசிந்துவிடும். வறண்ட காற்றில் அது தங்கிவிடும். வறண்ட அறையில் கம்பளத்தின்மேல் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும் என்றும், ஈரம் மிகுந்த அறையில் அதே நடை 1,500 வோல்ட் அளவில் நின்றுவிடும் என்றும் இத்துறை நூல்கள் காட்டுகின்றன. 'சென்னைக் கடற்காற்றில் ஈரத்திற்கா பஞ்சம்?' என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். குளிர்பதன இயந்திரம் அந்த ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றிவிடுகிறது என்பதை மறத்தலாகாது.

இத்தனை ஆயிரம் வோல்ட் ஏறியும் நாம் உயிரோடு இருப்பது எங்ஙனம்? மின்னழுத்தம் பெரிதாயினும் சேர்ந்துள்ள மின்னேற்றத்தின் அளவு மிகச் சிறிது. மனித உடலை ஏறத்தாழ 100 பிகோபாரட் மின்தேக்கியாகக் கொள்வர். 10,000 வோல்ட் ஏறிய உடலில் உள்ள ஆற்றல் 5 மில்லிஜூல் மட்டுமே. அது நமக்கு ஒரு சுரீர் என்ற உணர்ச்சி, அவ்வளவே. ஆனால் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ கால் மில்லிஜூல் போதும். நமக்கு விளையாட்டாய்த் தோன்றும் பொறி, அவ்வாவிக்கு வேண்டியதைப்போல் இருபது மடங்கு பெரிது.

சிவகாசியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து அவ்வூரில் நிறுவியது நாடறிந்த வரலாறு. அவ்வூரின் வறண்ட வானிலை தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் ஒருங்கே கைகொடுத்தது. அந்த வறட்சியே நிலைமின்சாரத்திற்கும் துணை நிற்பது இயற்கையின் முரண். அச்சகத்தில் அது காகிதத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்து தொல்லை தருவதோடு நின்றுவிடும். நுண்ணிய அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலக்கும் அறையில் அங்ஙனம் நிற்பதில்லை. ஆகவேதான் அத்தகைய அறையின் வாயிலில் புவியோடு இணைக்கப்பட்ட செப்புத் தகடு பதித்து, உள்ளே செல்வோர் அதனைத் தொட்டுவிட்டுச் செல்ல வேண்டும் என்று வைத்துள்ளனர். நைலான், பாலியஸ்டர் ஆடை விலக்கப்பட்டுப் பருத்தியாடை வற்புறுத்தப்படுவதும் அதனாலேயே. பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் ஒரு பங்கில் பாதியைக்கூட ஏற்பதில்லை. விபத்துகள் அனைத்தும் நிலைமின்சாரத்தால் நேர்வன அல்ல; உராய்வும் அதிர்ச்சியும் பெருங்காரணங்கள். எனினும் ஒரு நொடியில் தொட்டு முடிக்கும் தகட்டை அவசரத்தில் தாண்டிச் செல்வது எத்தகைய அறியாமை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி மின்னணுத் தொழிற்கூடத்திற்கு வருவோம். இங்கே தீ இல்லை, ஓசையும் இல்லை. சேதம் மட்டும் உண்டு. ஒரு சில்லினுள் இருக்கும் டிரான்சிஸ்டரின் காப்புப் படலம் தலைமயிரின் தடிப்பில் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. சிலவகைச் சில்லுகளுக்கு 100 வோல்ட்டுக்கும் குறைந்த மின்பாய்ச்சலே கேடு விளைவிக்கும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் மனிதத் தோல் அதனை உணரும். ஆகவே 100 வோல்ட்டிற்கும் 3,000 வோல்ட்டிற்கும் இடைப்பட்ட பரப்பில், தொழிலாளி தன் விரலால் ஒரு சில்லை அழித்துவிட்டும் தான் ஒன்றும் செய்யவில்லை என்றே உண்மையாக நம்புவார். இத்தொழிலின் சிக்கல் முழுவதும் இவ்விடைவெளியில்தான் அடங்கியிருக்கிறது.

சில்லு அப்போதே இறந்துவிட்டால் சோதனையில் பிடிபட்டுவிடும். இழப்பு தொழிற்கூடத்தோடு போகும். அரைகுறையாய்க் காயம்பட்டதே கொடியது. சோதனையில் தேறி, பெட்டியில் ஏறி, மருத்துவமனைக் கருவியிலோ வாகனத்திலோ அமர்ந்து, சில மாதம் கழித்து அது செயலிழக்கலாம். அன்று எந்தக் கை அதனைத் தொட்டது என்று எவரும் கண்டறிய இயலாது.

இதற்கான முதற்காப்பு, 'ரிஸ்ட் ஸ்ட்ராப்' என்று தொழிலாளர் வழங்கும் மணிக்கட்டுப் பட்டை. உடலைப் புவியோடு இணைக்கும் எளிய கம்பி அது. அதனுள் 1 மெகாஓம் மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அத்தடை சில்லைக் காக்க அன்று, அணிந்தவரைக் காக்கவே. அவர் தவறிப்போய் 230 வோல்ட் கம்பியைத் தொட நேர்ந்தாலும் பட்டை வழியே கால் மில்லிஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே பாயும். அத்தடை இருந்தும், உடலில் சேரும் மின்னேற்றம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் வடிந்துவிடும். ஒரே பொருள் மனிதனையும் சில்லையும் ஒருங்கே காக்கும் இக்கணக்கு நம்மை வியக்க வைத்த ஒன்று.

பட்டை தோலைத் தொட வேண்டும். சட்டைக் கைமேல் கட்டினால் பயனில்லை. முழுக்கைச் சட்டை அணியும் நம் பெண்களும் கையைச் சிறிது விலக்கித் தோலின்மேல் அதனை அணிந்துகொண்டு, மேலே தொழிற்கூடம் தரும் கடத்தும் இழை கலந்த கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளாடையின் கைகளும் தலைத்துணியின் நுனிகளும் அக்கோட்டினுள் அடங்கியிருத்தல் வேண்டும். தலைத்துணி பருத்தியாய் இருப்பது நன்று. ஆடை மரபு இவ்வேலைக்குத் தடையாகுமோ என்று அஞ்சும் பெற்றோர்க்காக இதனைச் சொல்கிறோம்.

நடமாடுவோர்க்குக் குதிகாற்பட்டை உண்டு. ஒரு கால் தூக்கியிருக்கையிலும் மறுகால் இணைப்பு அறாதிருக்க இரு காலிலும் அணிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரோடு ஒரு தொழிற்கூடத்தைக் காணச் சென்றிருந்தோம். வாயிலில் உலோகத் தகட்டின்மேல் நின்று பொத்தானைத் தொட்டால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எங்களுள் ஒருவர்க்குச் சிவப்பு எரிந்தது. பட்டையின் நாடாவை அவர் காலுறைக்குள் செருகவில்லை. உள்ளே சென்ற பின் நாம் கண்டது அதனினும் குறிப்பிடத்தக்கது. உயர் அலுவலர் ஒருவர் குதிகாற்பட்டை இன்றியே ஒரு மேசையை அணுகினார். அங்கிருந்த இளம்பெண் தம் முன்னிருந்த சுற்றுப்பலகையைச் சட்டென்று பின்னுக்கு நகர்த்தி, "சார், ஸ்ட்ராப் போட்டுட்டு வாங்க" என்றார். அலுவலர் முகம் சற்றே சிவந்தது. ஆயினும் திரும்பிச் சென்று அணிந்து வந்தார். அப்பெண்ணுக்கு வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. மேலதிகாரிக்கு ஒரு விதி, கீழ்நிலையார்க்கு வேறு விதி என்று வைத்துக்கொள்ள மின்னேற்றம் இடம் தருவதில்லை.

புவியோடு இணைத்தல் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. மனித உடல், உலோகம் ஆகிய கடத்திகளுக்கே அது உதவும். தெர்மகோல் கோப்பை, பாலிதீன் உறை, செலோடேப் போன்ற கடத்தாப் பொருள்களில் மின்னேற்றம் நின்ற இடத்திலேயே நிற்கும். கம்பி கட்டினாலும் அசையாது. தேநீர்க் கோப்பையும் சோற்றுப் பொட்டலமும் மேசைக்கு வரக்கூடாது என்ற கண்டிப்பு தூய்மைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. வேலைக்குத் தேவையான நெகிழிக் கருவிகளை விலக்க இயலாதவிடத்து, கூர் ஊசிகளில் உயர் மின்னழுத்தம் செலுத்தி இருவகை அயனிகளையும் காற்றோடு வீசும் அயனியாக்கியை நிறுவுவர். அதன் ஊசிகளில் தூசி படிந்தால் ஒருவகை அயனி மிகுந்து, காக்க வந்த கருவியே மின்னேற்றத் தொடங்கும். உறைகளிலும் ஏமாற்றம் உண்டு. இளஞ்சிவப்பு உறை தன்மேல் மின்னேற்றம் சேராதவாறு மட்டுமே காக்கும். வெளியிலிருந்து பாயும் மின்னைத் தடுப்பது உலோகப்படலம் பூசிய வெள்ளிநிற உறையே. இவ்வேறுபாட்டை அறியாது நிறத்தைக் கண்டு நம்புவோர் பலர்.

இவற்றையெல்லாம் நாள்தோறும் அளந்து பதிவது தனி ஒருவரின் வேலையாகவே பல தொழிற்கூடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்20.20 என்னும் தரவிதியும், ஐ.இ.சி. 61340 வரிசையும் அவர்க்கு நூல்கள். மணிக்கட்டுப் பட்டை அணிந்தவரிடமிருந்து புவிவரை 35 மெகாஓமுக்குக் குறைவாய்த் தடை இருக்கிறதா, மேசை விரிப்பின் இணைப்பு அறுந்துள்ளதா, துப்புரவுப் பணியாளர் தரையில் மெழுகு பூசிக் கடத்துதிறனைக் கெடுத்துவிட்டாரா, ஈரப்பதம் இறங்கிவிட்டதா என அவர் சோதிப்பார். இயற்பியல் பட்டமோ மின்னணுப் பட்டயமோ பெற்றவர் இதற்குப் போதும். மீட்டரைப் படிக்கும் பொறுமையும் மேலதிகாரியிடம் 'கூடாது' என்று சொல்லும் துணிவும் உடன் வேண்டும்.

அவர்க்கு நேரும் பெரிய இடர் ஒன்றுண்டு. அவர் செவ்வனே பணியாற்றினால் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாத ஆண்டின் இறுதியில், 'இத்தனை பட்டையும் விரிப்பும் எதற்கு? இந்த ஆள்தான் எதற்கு?' என்ற கேள்வி கணக்குப் பிரிவிலிருந்து எழும். அதற்கு விடையாக அவர் காட்டக்கூடியது தம் பதிவேட்டை மட்டுமே: இன்ன நாளில் இன்ன மேசையின் இணைப்பு அறுந்திருந்தது, இன்ன நேரத்தில் சரிசெய்யப்பட்டது என்ற வரிகளை.