மூட்டைக்கு வரி இல்லை, பாக்கெட்டுக்கு உண்டு

"நாம விவசாயி, நமக்கெதுக்கு ஜி.எஸ்.டி?"ன்னு கேட்காத உழவர் கூட்டமே இல்லை. கேள்வி நியாயம்தான். சொந்த நிலத்தில் விளைந்ததை விளைந்தபடியே விற்கும் உழவர் பதிவு எடுக்க வேண்டியதில்லை; சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நாம் இப்போது எள்ளை மட்டுமா விற்கிறோம்? செக்கில் ஆட்டி, பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டி விற்கிறோம். அங்கே நாம் வியாபாரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு பார்சல் எண்ணெய் அனுப்பினாலும் அந்தச் சலுகை போச்சு, பதிவு எடுத்தே ஆகணும்.

எங்கள் உழவர் குழுக் கடையின் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பில் போடுவது செல்போன் செயலியில். வரியைக் கணக்கிடுவது, மாதக் கடைசியில் பில்களைத் தொகுத்து ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற ஒரு கோப்பாகத் தருவது எல்லாம் அதுவே செய்யும். ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்களுக்கு அந்த அரசுத் தளம் வழியாகவே இலவசக் கணக்கு மென்பொருளும் கிடைக்கிறது. ஆகவே பெரிய காசு கொடுத்து வாங்க அவசரப்படாதீங்க.

செயலிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நம்ம வெல்லம் மூட்டையில் இருக்கா, பாக்கெட்டில் இருக்கா என்பது. 2022 ஜூலை 18 முதல் வெல்லம், அரிசி, பருப்பு, சிறுதானியம் எல்லாம் சில்லறையாக அள்ளிக் கொடுத்தால் வரி இல்லை. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். அரிசி, பருப்பு 25 கிலோவுக்கு மேற்பட்ட சிப்பமானால் மறுபடி வரி இல்லை. எண்ணெய்க்கோ எப்படி விற்றாலும் 5 சதவீதம். அதனால் எங்கள் பொருள் பட்டியலில் வெல்லம் இரண்டு வரிசையில் இருக்கிறது. குறியீடு இரண்டுக்கும் 1701தான், வரிதான் வேறு. சும்மா ஒரே வரிசையாகப் போட்டால் என்ன ஆகும்? வாங்காத வரியை நாம் கைக்காசில் கட்டணும். ஒரு லட்சம் ரூபாய் சரக்குக்கு 5,000 ரூபாய். தப்பாகக் கூடுதலாக வாங்கிவிட்டாலும் அதை நாம் வைத்துக்கொள்ள முடியாது, அரசுக்குக் கட்டியே தீரணும்.

மாதாமாதம் தாக்கல் செய்வோருக்கு இரண்டு தேதி முக்கியம். விற்பனை விவரம், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்.-1, அடுத்த மாதம் 11க்குள். வரி கட்டும் 3பி படிவம் 20க்குள். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து 3பியில் தானாக வந்து விழும் விற்பனை வரித் தொகையை அங்கேயே திருத்த முடியாது. 3பி தாக்கல் செய்வதற்கு முன்பே 1ஏ படிவத்தில் திருத்த வேண்டும். ஆகவே 11ஆம் தேதிக்கு முன்னால் பில் புத்தகத்தோடு ஒருமுறை உட்கார்ந்து பாருங்க.

விற்பனையே இல்லாத மாதமும் தாக்கல் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. தவறினால் நாளுக்கு 20 ரூபாய், 3பி ஒன்றுக்கு 500 வரை ஏறும். அதற்கு இணையமே வேண்டாம். பதிவு செய்த செல்போனிலிருந்து 14409க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடித்துவிடலாம்.

அந்தப் 'பதிவு செய்த செல்போன்' யாருடையது? பதிவு எடுத்துக் கொடுத்தவர் தன் எண்ணையே போட்டுவிட்டதால் எங்களுக்கு ஓ.டி.பி. வரவே இல்லை, அவர் வெளியூர் போனால் எங்கள் தாக்கலும் நின்றது. தளத்தில் 'நான்-கோர்' திருத்தம் என்ற பகுதியில் கையொப்பதாரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றலாம், அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. நாங்கள் குழுச் செயலாளர் எண்ணைப் போட்டிருக்கிறோம்.