பிள்ளைக்கு ஆர் அப்புக்காத்து?

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு அநியாயம் நடந்தால் சொந்தக்காரர் முதலில் கேட்பது, "பிள்ளைக்கு ஆர் அப்புக்காத்து?" என்றுதான். தேத்தண்ணியை ஊத்துங்கோ, ஆறுதலாய்ச் சொல்கிறேன். அப்புக்காத்து கட்டாயமில்லை. பாலியல் வன்புணர்வு வழக்கு அரசின் வழக்கு. பிள்ளை அதில் முதன்மைச் சாட்சி. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் சந்தேகநபரை முற்படுத்துவார்கள். பிறகு கோவை கொழும்புக்கு, சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். சாட்சியம் போதுமென்று கண்டால் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கலாகும். கோவை அங்கே கிடக்கிற காலம்தான் பெரிய வில்லங்கம். அதற்குள் பிள்ளைக்குக் கலியாணம் பேசிவிடுவார்கள், சாட்சிக்காரர் கனடாவுக்குப் போய்விடுவார்.

அரசின் வழக்கென்பதால் ஒரு நன்மையும் உண்டு. பெரியப்பாமார் கூடி, "சமாதானமாய்ப் போவம்" என்று முடித்துவிட முடியாது. மனைவிக்கு அடித்த வழக்கு அப்படியல்ல. காயம் சின்னதென்றால் இணக்கசபைக்குப் போய், ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை தரும்; ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை வருவது கட்டளையை மீறினால்தான்.

அரசின் வழக்கு எப்படி நடக்குமென்று பார்க்கப் புங்குடுதீவு வழக்கை எடுப்போம். 2015 மே 13, பள்ளிக்கூடம் போன மாணவி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். ஊரார் பிடித்துக்கொடுத்த ஒருவர் கொழும்புக்குத் தப்பிப் போனார். அதற்கு உதவியதாக 2017 ஜூலையில் ஒரு சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபரே கைதானார். கொலை நடந்த கிழமைக்குள் சனம் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல்லெறிந்தது. பிறகு வந்தது ட்ரயல் அட் பார்: ஜூரி இல்லை, மூன்று நீதிபதிகள். 1996இல் கொல்லப்பட்டுச் செம்மணியில் புதைக்கப்பட்ட மாணவியின் வழக்குக் கொழும்பில் நடந்தது. புங்குடுதீவு வழக்கு யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

வழக்கை நெறிப்படுத்தியவர்களில் ஒருவர் சட்டமா அதிபர் திணைக்களத்தின் பிரதி மன்றாடியார் அதிபதி குமாரரட்ணம். சந்தேகநபர்களில் ஒருவர் அரச தரப்புச் சாட்சியாக மாறினார். "அவனை ஏன் விட்டவை?" என்று கேட்கத் தோன்றும். கூடிப் பேசிச் செய்த குற்றத்தில், பேசிய பேச்சை வேறு ஆர் வந்து சொல்லப் போகிறார்கள்? ஒருவரை விட்டு மற்றவர்களைப் பிடிப்பது அரச தரப்பின் கசப்பான கணக்கு. 2017 செப்டெம்பர் 27இல் ஏழு பேருக்கு மரண தண்டனை, இரண்டு பேர் விடுதலை. எனக்கு அந்த இரண்டு விடுதலையும் முக்கியம். சனத்தின் கோபத்தை அல்ல, சாட்சியத்தைத்தான் நிறுத்துப் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

உயிரோடு இருக்கிற பெண்ணின் வழக்கு இன்னும் கடினம். குறுக்கு விசாரணையில் "ஏன் கத்தேல்லை? உடம்பில காயம் இல்லையே?" என்பார்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சம்மதமில்லை என்று நிரூபிக்க, எதிர்த்ததற்கான காயம் கட்டாயமில்லை. இதை எழுந்து சொல்கிற அரச சட்டத்தரணியும், பேசாமல் குறிப்பெழுதிக்கொண்டு இருப்பவரும் ஒன்றல்ல. சமத்துவம் என்று மாநாட்டில் பேசப்படுவது நீதிமன்றத்துக்குள் இந்த ஒரு ஆட்சேபனையாகத்தான் வரும். ஆனால் கணவன் வன்புணர்ந்தால், எழுந்து சொல்கிற அந்த அரச சட்டத்தரணியும் கையைப் பிசைய வேண்டியதுதான்: நீதிமன்றம் பிரித்துவைத்த மனைவியென்றால் மட்டுமே அது குற்றம்.

தண்டனையிலும் ஒரு கதை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழென்றால் குறைந்தது 10 வருடம் என்று சட்டக்கோவையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கீழெல்லை நீதிபதியின் கையைக் கட்டாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதனால் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. தண்டனை போதாதென்று மேன்முறையீடு செய்யும் அதிகாரம் சட்டமா அதிபரிடம் இருக்கிறது. காலக்கெடு குறுகியது. தாய் தகப்பன் தீர்ப்பு வந்த அன்றே அரச சட்டத்தரணியைத் தேடிப்போய், "மேல போவீங்களோ?" என்று கேட்டு, கடிதமும் எழுதிக் கொடுக்கவேண்டும்.