குண்டுமல்லியும் ரெண்டு குண்டர்களும்

பூச்செடி வளர்ப்பவர்கள் ஒரு ஜாதி. நாய் வளர்ப்பவர்கள் இன்னொரு ஜாதி. இரண்டையும் ஒரே காம்பவுண்டுக்குள் வளர்ப்பவர்கள் மூன்றாவது ரகம். எங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் துடைப்பமும் கையுமாக ஓடிக்கொண்டிருப்போம்.

எனக்கு ஊர் உச்சிப்புளி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரயிலில் தூங்காமல் வந்தால் கண்ணில் படும். கடற்படையின் விமான தளம் இங்கேதான் இருக்கிறது. 2009-ல் அதற்கு 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர் சூட்டினார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு சங்கடம்தான். மேலே ஏதாவது பறந்தால், கீழே என் வீட்டு நாய்கள் இரண்டும் அதைப் பிடித்தே தீருவது என்று துரத்தும். ஓடுகிற வழியில் ரோஜா இருக்கிறதா, கனகாம்பரம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

இரண்டில் ராக்கி, சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்குப் பேர் போன வம்சம். நாலு கால் பாய்ச்சலில் நம் தோட்டமே முடிந்துவிடும். இன்னொருவன் மணி. எங்கள் தெருவின் கூட்டுத் தயாரிப்பு. ஓடமாட்டான், தோண்டுவான்.

அம்மாவின் உயிர் குண்டுமல்லிச் செடிகளில் இருக்கிறது. இருக்காதா பின்னே? மல்லிகை நாற்றுக்குப் பேர் போன தங்கச்சிமடம், பாம்பன் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். மணற்பாங்கான பாத்தியில் பதியன் போட்டு, வேர் பிடித்ததும் கட்டுக் கட்டாக வெளியூர் அனுப்புகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கும் நாற்று போவது இங்கிருந்துதான். புகுந்த வீட்டில் பேர் வாங்கிய பெண் மாதிரி!

விடியுமுன் மொட்டு பறிப்பது அம்மாவின் வேலை. ஒரு நாள் போய்ப் பார்த்தால், மூணு செடி வேரோடு சாய்ந்து கிடக்கிறது. குழிக்குள் மணி சுகமாகப் படுத்திருக்கிறான். "டேய், நாயை எங்கிட்டாவது கொண்டு போய் விட்டுட்டு வா. இல்லைன்னா நான் உன் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றார் அம்மா. ஆபீஸில் மேனேஜர் அல்டிமேட்டம் கொடுத்தால் யூனியன் இருக்கிறது. இங்கே யார் இருக்கிறார்கள்?

சரி, இவன் ஏன் தோண்டுகிறான் என்று உட்கார்ந்து கவனித்தேன். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எங்கள் மணலோ பங்குனி, சித்திரையில் கடலை வறுக்கிற சட்டி. வீட்டில் ஈரமாக, ஜில்லென்று இருப்பது அம்மா தண்ணீர் ஊற்றிய மல்லிப் பாத்தி ஒன்றுதான். வயிற்றை அதில் வைக்காமல் வேறெங்கே வைப்பான்?

வேப்பமரத்தடியில் ஒரு குழி வெட்டினேன். காலையில் ஒரு வாளி, மதியம் ஒரு வாளி தண்ணீர். மதிய வாளி அம்மாவின் பொறுப்பு, திட்டிக்கொண்டே ஊற்றுவார். நாலே நாளில் மணி குடி பெயர்ந்துவிட்டான். ரோஜாவுக்குப் போட்டுவந்த எலும்புத்தூளையும் நிறுத்தினோம். மண்ணுக்கடியில் எலும்பு வாசனையைப் புதைத்துவிட்டு, மேலே 'தோண்டாதே' என்று நாயிடம் சொல்வது என்ன நியாயம்?

ராக்கி விவகாரம் வேறு. அவன் வேலி ஓரமாக ரோந்து போகிறவன். போலீஸ் பீட்டைப் போய் மாற்ற முடியுமா? வேலிக்கும் செடிக்கும் நடுவே இரண்டடி பாதை விட்டேன். செடிப்பக்கம் கருக்குச் சீவிய பனைமட்டையை முழங்கால் உயரத்துக்கு நட்டேன். எங்கள் ஜில்லாவில் பனைமட்டைக்குப் பஞ்சமில்லை. கார்த்திகை கடைசியில் மல்லியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்யும்போது மட்டும் உஷார். செடி குட்டையாக நிற்க, கிரவுண்டைத் திறந்துவிட்டார்கள் என்றே இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

காலைத் தூக்குகிற சமாசாரம் வேறு. அதில் தழைச்சத்து அதிகம், உப்பும் உண்டு. ஒரே இடத்தில் தினம் விழுந்தால் செடி கருகும். உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும். வேலி மூலையில் ஒரு பழைய பனங்கட்டையை நட்டு, அதையே தனி டாய்லெட் ஆக்கிவிட்டேன்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாமல் போன வாரம் ஒன்று உண்டு.

பக்கத்து வீட்டு அண்ணன், நல்ல மனசோடு, அம்மாவின் செடிகளுக்கென்று ஒரு பை ஆமணக்குப் புண்ணாக்கு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது பை கிழிந்து கிடந்தது. மறுநாள் காலை மணி எழுந்திருக்கவில்லை. வாந்தி, ரத்தமாகப் பேதி. ராமநாதபுரத்துக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பையைப் பற்றிக் கேட்டதுமே முகம் மாறினார். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற விஷம் இருக்கிறது. எண்ணெய் எடுத்த பிறகு அது புண்ணாக்கில்தான் தங்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றிக் காத்திருக்க வேண்டியதுதான் என்றார். ஆபீஸுக்கு 'நெருங்கிய உறவினருக்கு உடல்நலமின்மை' என்று மூன்று நாள் லீவு எழுதினேன். பொய்யில்லை.

அந்த மூன்று நாளும் அம்மா பூப் பறிக்கவில்லை. மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்து உதிர்ந்தது. நாலாம் நாள் மணி கஞ்சி நக்கினான். அன்றைக்கு அம்மா ஒன்றும் பேசாமல் வேப்பமரத்தடிக் குழியில் இரண்டு வாளி ஊற்றினார். அக்கா வீட்டுப் பேச்சு அப்புறம் வரவேயில்லை.

இப்போது உரம் என்றால் வேப்பம் புண்ணாக்கு மட்டும்தான். செம்பருத்தி, ரோஜா, மல்லி இதெல்லாம் நாய் மென்றால் செடிக்குத்தான் நஷ்டம். அரளி அப்படியில்லை. இலை, பூ, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும். பூஜைக்கு வேண்டும் என்று அம்மா அடம்பிடித்ததால், மொட்டை மாடித் தொட்டிக்கு அதை மாற்றல் செய்தோம்.

அடுத்ததாக அம்மா கேட்பது செங்காந்தள். மாநில மலராச்சே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கிழங்கில் கோல்சிசின் என்ற கடும் விஷம்; மணியோ தோண்டுகிறவன். அதுவும் மாடிக்குத்தான் என்று முடிவு. மாடிப்படிக்கு ஒரு கதவு போட ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். "நாளைக்கு வாரேன் தம்பி" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.